குறுக்குப் பாதையில் சிவப்புப் பொட்டு

கான்சாஸ் சிற்றூரின் நகராட்சி விமான நிலையக் கொட்டகையில், இருபது வருடத் திட்ட வரைபடம் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. கூட்டத்துக்கு வந்த ஊர்க்காரர்கள், மூட வேண்டிய இடத்தில் சிவப்புக் காகிதப் பொட்டு ஒட்டலாம், வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் பச்சை. சின்னக் குறுக்கு ஓடுபாதைக்கு அம்மை போட்டதுபோல் ஒரே சிவப்பு. "இதுல உன் வயலுக்கு மருந்தடிக்கிற விமானத்தத் தவிர எது இறங்குது, வெர்லின்?" என்று கேட்கிறார் கவுன்சிலர் லொரெட்டா. "காத்துகிட்டயே கேளு," என்று வெர்லின் காப்பியில் டோனட்டைத் தோய்க்கிறார். மேற்குக் காற்றில் தகரக் கதவு அதிர்கிறது. நோயாளியை ஏற்றிப்போக வந்த விமானம் பக்கவாட்டில் அடிக்கும் காற்றால் பெரிய பாதையில் இறங்க முடியாமல் தள்ளாடி மேலெழும்பி, சுற்றி வந்து, குறுக்குப் பாதையில் இறங்குகிறது. லொரெட்டா தான் ஒட்டிய சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டுகிறார். பொட்டோடு ஓடுபாதையும் கொஞ்சம் கிழிந்து வருகிறது.