சும்மா இருக்கும் கால்

விமானம் தரையை விட்டு எழும்பி முந்நூறு அடிகூட ஏறியிருக்காது, ஓர் எஞ்சின் செத்தது.

சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தியிருந்த அகலத் திரையில் அடிவானம் சரிந்தது. விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. அவள் மேசைக்கடியில் இருந்த வலது பெடலை ஓங்கி மிதித்தாள். மேசையே கிறீச்சிட்டு நகர்ந்தது.

“ஆரம்பிச்சாச்சா மகாராணி விளையாட்டை?”

முதுகுக்குப் பின்னால் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளையை நிற்க வைக்கிற குரல், இப்போது அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி.

அவள் திரும்பவில்லை.

மேசை விளிம்பைக் கவ்வியிருந்த பெட்டியில் மூன்று ஜோடி லீவர்கள். ஒரு ஜோடி எஞ்சின் விசைக்கு, ஒன்று புரொப்பெல்லருக்கு, ஒன்று எரிபொருளுக்கு. ஜோடிக்கு ஜோடி இடது ஒன்று, வலது ஒன்று. செத்த எஞ்சினின் லீவர்களை இழுத்தால் பிழைக்கலாம். கை தவறி நல்ல எஞ்சினுடையதை இழுத்தால் இரண்டும் போச்சு.

“கட்டின புருஷன் அங்க பாத்திரம் தேய்க்கிறான். இங்க ஏரோப்பிளேன் ஓடுது! வெட்கமா இல்ல?”

சமையலறை வாசலில் கணவன் கையில் தட்டோடு நின்றான். தங்கையை ஒரு வார்த்தை அதட்டவில்லை. தட்டிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் காது மடல் சுட்டது. கை லீவர்களுக்கு மேலே வந்து நின்றது.

அவசரப்படாதே.

வலது கால் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது. இடது கால் சும்மா இருந்தது. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் போனது. கண் ஏமாறும், காது ஏமாறும். கால் பொய் சொல்லாது.

“இடது” என்றாள் வாய்விட்டு.

இடது விசை லீவரை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். இரைச்சல் குறையவில்லை. மூக்கு மேற்கொண்டு திரும்பவும் இல்லை. அப்படியென்றால் போனது அதுதான்.

“பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்? கையை எடு! அது இல்லடி, அந்தப் பக்கம்! முட்டாள், அந்தப் பக்கம்!”

அண்ணியைத் தங்கை ‘டி’ போட்டதும் வாசலில் நின்றவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் விரல் தடுமாறியது. வலது லீவரின் குமிழ் நுனிவிரலில் பட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு விரலை இடப்பக்கம் கொண்டுவந்தாள். புரொப்பெல்லர் லீவரை அடிவரை இழுத்தாள். செத்த எஞ்சினின் விசிறித் தகடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி, சுழற்சி அடங்கி நின்றன. பிறகு எரிபொருள் லீவர். மூக்கு நேரானது. ஒற்றை எஞ்சினோடு விமானம் முனகிக்கொண்டே மேலேறியது.

அதற்குப் பிறகுதான் அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு இன்னும் புடைத்திருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது. திரையில் ஓடும் விமானத்தின் எஞ்சினை அணைக்கிற பொத்தான் இருந்த தன் செல்போனை மேசைமேல் வைத்தாள்.

“அண்ணி, அந்த ஆள் இப்படித்தான் கத்தினானா? இல்ல, இதைவிட மோசமா?”

அந்த ஆள், போன மாதம் விமானக் கம்பெனியின் சிமுலேட்டரில் அவளுக்கு விமானி தேர்வு வைத்த பரிசோதகர். அவர் காதோரம் கத்திய கத்தலில் அவள் கை குழம்பி நல்ல எஞ்சினின் லீவரை இழுத்துவிட்டது. வீட்டு வேலை பார்க்கப் போகலாம் என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார். மறுதேர்வு நாளைக்கு. நாளைக்கும் அவரேதான்.

“மோசமா. கடைசியில எங்க அம்மாவை இழுத்தான்.”

நாத்தனார் முகம் சுருங்கிப்போனது. நாத்தனாரின் பிரசவத்தில் ராப்பகலாகக் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அந்த அம்மா.

“அதை என் வாயால எப்படி அண்ணி...”

அவள் விமானத்தை மறுபடி ஓடுபாதையின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தாள். இழுத்த லீவர்களை முன்னுக்குத் தள்ளினாள். பெடல்களில் கால்களைப் பதித்தாள்.

“சொல்லு. நாளைக்கு அவன் சொல்றப்ப எனக்கு அது புளிச்சுப் போயிருக்கணும்.”

கணவன் தட்டை வைத்துவிட்டு வந்து, தெருப்பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.