இருபத்தெட்டாவது லாமா

அட்டகாமா பாலைவனத்தில் அந்தப் பாறை வரைக்கும் நடக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. மணல் கெட்டியானது, ஏற்றமும் இல்லை. பதினோரு வருடமாக டோமிட்டிலா பயணிகளை அங்கே கூட்டிப்போய், முன்னோர்கள் பாறையில் செதுக்கிய, கம்பளிக்காக வளர்க்கும் ஒட்டகச் சாதி மிருகமான லாமாக்கள் இருபத்தேழையும் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிவருகிறாள்.

செவ்வாய்க்கிழமை வந்த ஒரு பெண்மணி விரல் நீட்டி எண்ணிவிட்டு, "இருபத்தெட்டுல்ல இருக்கு?" என்றாள்.

"வெயில்ல கண்ணு பூத்துப்போச்சும்மா உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு டோமிட்டிலாவும் எண்ணினாள். இருபத்தெட்டுதான். கடைசி லாமாவுக்கு வயிறு பெருத்திருந்தது. அதன் செதுக்கிய காதில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் ஒன்று தொங்கியது. பிப்ரவரித் திருவிழாவில் ஊரார் தங்கள் லாமாக்களின் காதில் இப்படிக் குஞ்சம் கட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. இது அவள் வீட்டு முடிச்சு.

அவளுடைய சினை லாமா காணாமல்போய் மூன்று நாளாகியிருந்தது.

திரும்பி வரும்போது, நுழைவாசலில் பயணிகளுக்குச் சீட்டுக் கிழிக்கும் கொழுந்தன் எலியோ, "என்ன அண்ணி, லாமா ஆப்பிட்டுச்சா?" என்றான்.

"பார்த்தேன்."

"அப்ப ஓட்டிட்டு வர வேண்டியதுதானே? கயிறு தரவா?"

"கயித்துக்கெல்லாம் வராது எலியோ."

மறுநாள் காலை, பயணிகள் வருமுன் அவள் தனியாகப் போனாள். இருபத்தொன்பது இருந்தன. குஞ்சம் தொங்கிய லாமாவின் வயிறு ஒட்டியிருந்தது. அதன் காலடியில் நின்ற குட்டியின் காதில் எதுவும் இல்லை. டோமிட்டிலா மடியிலிருந்து சிவப்புக் கம்பளியை எடுத்தாள்.

முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை குட்டி காதை ஆட்டவில்லை.