இன்றும் ஒன்றும் இல்லை

"என்னா பாய், இன்னிக்கும் கொடுவா மீனு ஏமாத்திடுச்சா?"

மரக்காணம் உப்பளத்துக்கு அந்த வாரம்தான் வேலைக்கு வந்திருந்த ஏகாம்பரம் வரப்பில் நின்று கேட்டான். லியாகத் அலி, மகன் துபாயிலிருந்து வாங்கி வந்த தூண்டிலின் நூலைச் சுற்றி இழுத்தார். இறகு கட்டிய முள் கழிமுகத்து நீரைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வந்தது.

"நாலு நாளா பாக்குறேன், ஒண்ணுமே மாட்டல. என் வலையில வுழுந்த மடவை ரெண்டு தர்றேன், எடுத்துட்டுப் போ பாய். வெறுங்கையோட போனா வீட்ல திட்ட மாட்டாங்க?"

"வேணாம்பா. வெறுங்கையோட போனாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும்."

"அப்டி ஒரு சம்சாரம் எனக்கு வாய்க்கலியே" என்று ஏகாம்பரம் சிரித்தான்.

அந்தி மக்ரிப் பாங்குக்கு முன்பே லியாகத் அலி வீடு சேர்ந்தார். மரியம் பீவி வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் தூண்டிலையே பார்த்தாள்.

"எதுனா மாட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விட்டாள். "அப்ப நம்ம ஃபாரிஸு எங்கியோ உசுரோடதான் இருக்கான். நாளைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

மகன் ஃபாரிஸ் போன படகு கழிமுகத்தில் கவிழ்ந்து நாற்பது நாளாகிறது. கூடப் போன இருவரும் பிணமாகக் கிடைத்தார்கள். அவன் மட்டும் கிடைக்கவில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். லியாகத் அலி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாளே அந்த முள்ளில் மகன் மாட்டியதையும், தான் ஒற்றை ஆளாக ஜனாசா தொழுது அவனைச் சவுக்குத்தோப்பில் அடக்கியதையும் அவளிடம் எப்படிச் சொல்வதென்று அவருக்கு இன்றும் தெரியவில்லை.