ஊழியர் பட்டியலில் ஒரு பெயர்

பாலக்கோட்டில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் ஜெயராணி வேலை பார்த்தாள். நோயாளிப் பட்டியலில் தன் தெருப் பெண் கலைமதியின் நோயைப் படித்துவிட்டுத் தெருவில் சொன்னவள் அவள்தான். கலைமதியின் கல்யாணம் நின்றது. ஆடியில் அவள் இறந்தும்போனாள்.

யார் முகத்தையும் பார்க்கக் கூசிய ஜெயராணி, நோய்ப் பெயர் உள்ள பத்தியை இனி மருத்துவர் மட்டுமே பார்க்கும்படி கட்டளைகள் தட்டினாள். தன் அனுமதியைத்தான் முதலில் நீக்கினாள். பிறகு சரிபார்த்தபோது, அனுமதியுள்ள பயனர்களில் மருத்துவர்களோடு ‘கலைமதி’ என்றொரு பெயரும் மிஞ்சியிருந்தது.

பக்கத்து இருக்கைப் பிரவீனிடம், “தம்பி, இத நீயா சேர்த்த?” என்றாள்.

“இல்லீங்கக்கா. அந்தப் பேர்ல இங்க யாருமில்லீங்களே.”

அந்தப் பயனர் பார்த்தவற்றின் பதிவைத் திறந்தாள். நோய்ப் பத்தியைத் தொட்டதே இல்லை. ஆடியிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு, ஊழியர் பட்டியலில் ஜெயராணியின் பெயரை மட்டும் பார்த்திருந்தது.

அந்தப் பெயரை நீக்கும் கட்டளையைத் தட்டினாள். எண்டரை அழுத்தக் கூசி, கையை எடுத்துக்கொண்டாள்.