தொய்ந்த நரம்பு

ஏரிக்கரையில் ஊன்றியிருந்த தூண்டில் கோலுக்குத் தன் நைலான் நரம்பு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் தொய்ந்தாலும் அதட்டும்: "இழுத்துப் பிடிடா! கெண்டை மூச்சு விட்டாக்கூட எனக்குத் தெரியணும்."

நரம்பும் உயிரைக் கொடுத்து விறைத்து நின்றது. காற்று வீசினால் போதும், தண்ணீருக்குள் கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வுக்குப் பயந்து ஒரு மீனும் கிட்டே அண்டவில்லை.

"இந்த ஏரியில கெண்டையே கிடையாது" என்று கோல் அடித்துச் சொல்லிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் தூண்டில்காரர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கையில், கை பட்டு, நரம்பு சுற்றியிருந்த ரீலின் பூட்டு கழன்றுகொண்டது. நரம்பு தளர்ந்துபோய் அடிச்சேற்றில் படுத்துவிட்டது.

கோலுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. "டேய், இருக்கியா? அங்கே என்னடா நடக்குது?"

"சத்தம் போடாதீங்கண்ணே" என்று நரம்பு கிசுகிசுத்தது. "கெண்டை வந்திருக்கு. என் மேலேயே வயிற்றை உரசிக்கிட்டுப் போகுது."

அடிக்கிற காற்றில் நுனிகூட ஆடாமல், கோல் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மெல்லக் கேட்டது.

"போயிடுச்சா, தம்பி?"

"இல்லண்ணே. இன்னும் வால் வரல."