எல்லோருக்கும் பிடித்த கோச்

"ஒரே ஒரு ஆள் அவரைப் பிடிக்கலைன்னு சொல்லியிருந்தாக்கூட என் வேலை சுலபமா இருந்திருக்கும், மேடம். ஊர்ல ஒருத்தர்கூட சொல்ல மாட்டேங்கறாங்க."

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: ஆஷ்பர்ன் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் டக் ரீமர்ஸ், வீட்டுக்காரி லொரெய்ன் ஹாகன், அவர் தங்கை டெலோரிஸ்; சுவரில், சட்டத்துக்குள், கல்லூரியின் பச்சைத் தொப்பியோடு, போன வசந்தத்தில் செத்துப்போன லொரெய்னின் கணவர் மெர்ல் ஹாகன். ஆஷ்பர்ன் மைதானத்தில் பாதி மெர்லின் பணத்தில் எழுந்தது. இப்போது அந்தப் பணம் லொரெய்னுடையது.

டக் வந்த காரியம் எளிமையானது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலின் கோச் கிப் டாலனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் முடியும் முன் அனுப்பினால் மிச்ச வருடங்களின் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். கல்லூரியிடம் அது இல்லை.

"இந்த வருஷமும் டன்மோர் காலேஜ்கிட்ட தோத்தாச்சு. தொடர்ந்து நாலாவது தடவை," என்றார் டக். "அவனுங்க நம்ம மைதானத்துலயே ஆட்டம் போட்டுட்டுப் போறானுங்க. அடுத்த வருஷமும் தோத்தா கோச்சோட சேர்ந்து நீயும் பெட்டியைக் கட்டிக்கோன்னு காலேஜ் பிரசிடென்ட் சொல்லிட்டார்."

"முதல்ல கேக்கைச் சாப்பிடுப்பா. ஆறிடும்." லொரெய்ன் தட்டை நகர்த்தினார். "கிப் மாதிரி ஒரு மனுஷன் கிடைப்பானா? கொட்டற மழையில மெர்லோட சவப்பெட்டியைத் தோள்ல தூக்கினவன்."

"தூக்கினார் மேடம். அன்னைக்கு எதையும் கீழ போடல. நம்ம பசங்கதான் பந்தைக் கீழ போட்டுடறானுங்க. போட்டவனை இவர் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார். அதுக்காகவே போடறானுங்களோன்னு எனக்கு இப்ப சந்தேகம்."

"முன்னால ஒருத்தன் இருந்தானே, ஸ்ட்ராட்," என்றார் டெலோரிஸ். "அவன் ஜெயிச்சுத்தான் கொடுத்தான். எத்தனை நாள் வெச்சிருந்தீங்க?"

ஸ்ட்ராட் ஜெயித்தவர்தான். நடுவரைத் திட்டுவார், பேண்டு வாசிக்கும் பெண்களைத் திட்டுவார், ஒருமுறை ஜெபத்தின் நடுவே பாதிரியாரிடம் 'சீக்கிரம்' என்றார். ஊரே சேர்ந்து அவரைத் துரத்தியது. வழியனுப்ப வந்தவர் டக் ஒருவர்தான். கல்லூரி கொடுத்த காரின் சாவியைத் திருப்பி வாங்க வேண்டியிருந்தது.

"ஒரு பையனைச் சேர்க்கணும்னா அவன் வீட்டுக்குப் போறீங்க," என்றார் லொரெய்ன். "கதவைத் திறக்கறது யாரு? அம்மா. அவளுக்குக் கோச்சைப் பிடிக்கணுமா, வேண்டாமா?"

"பிடிக்குது மேடம். எல்லா அம்மாவுக்கும் பிடிக்குது. பையன்தான் டன்மோருக்குப் போயிடறான்."

டெலோரிஸ் இருமினார். காப்பியை எடுத்துக் குடித்தார்.

லொரெய்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இதோ பாருப்பா டக். கிப்பை அனுப்ப என்கிட்ட ஒரு பைசா கிடையாது. வெச்சுக்க இருக்கு. அவனுக்கு இன்னும் அஞ்சு வருஷம் எழுதிக் கொடு. நீ புதுசா பயிற்சிக் கூடம் கட்டிக்கோ. மெர்ல் பேரை வெச்சுக்கோ, உன் பேரைக்கூட வெச்சுக்கோ."

"ஜெயிக்கலைன்னா?"

"ஆளைப் பிடிச்சிருந்தா ஜனங்க தோத்தாலும் வருவாங்க. சீட்டு நிறைஞ்சா உன் பிரசிடென்ட் ஏன் வாயைத் திறக்கறார்?"

டக் யோசித்தார். அஸ்திவாரம் போட ஒரு விழா, ரிப்பன் வெட்ட ஒரு விழா. கத்திரிக்கோல் கையில் இருக்கும்வரை பிரசிடென்ட் யாரையும் வேலையைவிட்டுத் தூக்கியதில்லை. ஜெயித்தவனைத் துரத்தினோம், நல்லவனையும் துரத்தினால் அப்புறம் யார் வருவான்? கேக் தீர்வதற்குள் அது அவருடைய சொந்த யோசனை போலவே ஆகிவிட்டது.

"சரி மேடம்."

"இப்பவே சொல்லிடு. ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் கேக்கறோம்."

கிப் முதல் மணியிலேயே எடுத்தார். "டக்! அம்மாவோட முழங்கால் எப்படி இருக்கு?"

டக் விஷயத்தைச் சொன்னார். எதிர்முனையில் ஒரு பெரிய ஆள் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மிசஸ் ஹாகன், உங்களை நான் ஏமாத்த மாட்டேன்."

"தெரியும் கிப்," என்றார் லொரெய்ன். "நீ ஏமாத்தவே மாட்டே."

கிப் சந்தோஷத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. டக் கோட்டை மாட்டுவதற்குள் உள்ளூர் வானொலிக்காரன் டக்கை அழைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டான்.

சகோதரிகள் இருவரும் வாசல்வரை வந்தார்கள். டெலோரிஸ் மிச்சக் கேக்கைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். கதவு சாத்திக்கொண்டது. குளிரில் டக் படியில் நின்று பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே இரண்டு கிழட்டுக் குரல்கள் பாட ஆரம்பித்தன. மெட்டு அவருக்குத் தெரியும். நாலு வருடமாக, நவம்பர்தோறும், தலையைக் குனிந்துகொண்டு கேட்டது. டன்மோரின் வெற்றிப் பாட்டு.

"அக்கா," என்றது டெலோரிஸின் குரல், மூச்சு வாங்க, "நாலும் அஞ்சும் ஒன்பது! நாம அங்க படிச்சப்பகூட டன்மோர் தொடர்ந்து ஒன்பது வருஷம் ஜெயிச்சது கிடையாதே!"

மெர்ல் எந்த வருடம் ஆஷ்பர்னில் படித்தார், எந்த எண் சட்டை போட்டு ஆடினார் என்பதெல்லாம் டக்குக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்; லொரெய்ன் எங்கே படித்தார் என்று மட்டும் இத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லை. திரும்பிக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளேயிருந்து பூட்டு திரும்பியது.