மண் மூடிய சோளம்

"பாத்தியா, மேலெல்லாம் பூசணம் பூத்துக் கெடக்குது. இதைத் தின்னா மாடு வயிறு ஊதிச் செத்துப் போவும்" என்றார் அப்பாதுரை.

குழிக்குள் நின்றிருந்த அம்சவள்ளி நிமிர்ந்து பார்க்கவில்லை. கறுத்து அழுகியிருந்த மேல் அடுக்கை மண்வெட்டியால் வாரி வெளியே எறிந்தாள். கூலிக்கு வந்த அஞ்சம்மாள் அதைக் கூடையில் அள்ளி வரப்போரம் கொட்டினாள்.

பெருமுக்கல் ஊரில் பாதிப் பேர் அவளுடைய கிணற்றடி நிலத்தில் கூடியிருந்தார்கள். அந்த வருடம் ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. நெல்லும் இல்லை, வைக்கோலும் இல்லை. மாசி முடிவதற்குள் ஊர் மாடுகளை ஒவ்வொன்றாகத் திண்டிவனம் சந்தைக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவை காய்ந்த பனையோலையைக் கடித்துக்கொண்டு நின்றன.

அம்சவள்ளியிடம் ஒரு ஜோடி உழவு மாடும் ஒரு கறவையும் இருந்தன. புருஷன் இறந்த பிறகு நிலம் அவள் கையில் நின்றது அந்த ஏர் மாடுகளால்தான்.

"ஒண்டிப் பொம்பள எதுக்குப் பயிர் வெக்கணும்? நெலத்தை எங்கிட்ட வாரத்துக்கு வுட்டுடு" என்று புருஷனின் அண்ணனான அப்பாதுரை பலமுறை கேட்டுவிட்டார். அவள் விடவில்லை. மாடு போனால் விட்டுத்தான் ஆக வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன்பு, விவசாய இலாகா அதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்திருந்தார். பச்சைச் சோளத்தை வெட்டிக் குழியில் போட்டுக் காற்றுப் புகாமல் மண் மூடினால் கோடையில் தீவனமாகும். இதற்குச் சைலோ என்று பேர். சர்க்கார் பண்ணையில் துரைமார்களே இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே கேட்டுச் சிரித்தது.

அம்சவள்ளி மட்டும் குழி தோண்டினாள். புரட்டாசியில் கதிர் பூத்த சோளத்தை அறுத்து, நறுக்கிப் போட்டு, மாட்டை விட்டு மிதிக்கவைத்து, மேலே களிமண் வைத்து மெழுகினாள். "பயிருக்குக் கருமாதி பண்றா" என்றார்கள்.

"போதும், மேல வா அம்சா" என்றார் அப்பாதுரை.

"அடியில எப்படி இருக்குதுன்னு பாத்துடறேன் மாமா."

இன்னும் ஒரு முழம் போனதும் நிறம் மாறியது. பழுத்த புகையிலை நிறத்தில் சோளத்தட்டை படிந்து கிடந்தது. புளித்த கூழின் வாடை எழுந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அம்சவள்ளி மேலே ஏறி வந்து, ஒரு கை அள்ளிக் கறவையின் முன் நீட்டினாள். மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. யாரோ சிரித்தார்கள்.

அம்சவள்ளி அதைத் தரையில் போட்டுவிட்டு விலகி நின்றாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாடு நாக்கை நீட்டி ஒரு துண்டை இழுத்தது. மென்றது. அடுத்த வாய்க்குக் குனிந்த தலை நிமிரவேயில்லை. வாடை பட்டு, உழவு மாடுகள் இரண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின.

அம்சவள்ளி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. அப்பாதுரை மட்டும் போகவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினார்.

"எம் மாடு ரெண்டும் நேத்துலேர்ந்து எழுந்திரிக்கல, அம்சா. புடிச்சுத் தூக்கினாலும் நிக்க மாட்டேங்குது."

"எந்த வாயால கேக்கறாரு பாரு" என்று அஞ்சம்மாள் முணுமுணுத்தாள்.

"கூடை எடுத்துக்கினு வாங்க மாமா" என்றாள் அம்சவள்ளி.

அவர் கூடையோடு ஓடி வந்தார். அவள் நிறைய அள்ளி, அமுக்கி வைத்தாள். "மொதல்ல கொஞ்சமா போடுங்க. காலி வயிறு தாங்காது."

அப்பாதுரை குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தார். "அந்த ஆபீசர் பேச்சை ஊர்ல ஒருத்தனும் நம்பல. ஒனக்கு மட்டும் எப்படிம்மா நம்பிக்கை வந்துச்சு?"

"எனக்கு ஏது நம்பிக்கை? பாதி அழுவித்தான் போவும்னு நெனச்சேன்."

"பின்ன எதுக்கு இம்மாம் பாடு? அறுத்துக் காயவெச்சு, எல்லாரையும் போல வெளியவே போர் போட்டிருக்கலாமில்ல?"

கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்து அவர் தலைக்கு ஏற்றிவிட்டபடி அம்சவள்ளி சொன்னாள்:

"போன வருசம் என் வைக்கோல் போருக்கு நீங்க நெருப்பு வெச்சதைப் பாத்துக்கினுதான் இருந்தேன் மாமா. மண்ணுக்குள்ள இருக்கிறதைக் கொளுத்த முடியாதில்ல? ஜல்தி போங்க, மாடு பசியில கெடக்கும்."